கைபேசி விளம்பரமும் நமது அபிப்பிராயமும்

"பூக்கடைக்கு விளம்பரம் வேண்டுமோ?" என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையேயுள்ள பாரிவாக்கத்தில் வசிக்கும் எமக்கு இப்பழமொழி அடிக்கடி நினைவுக்கு வருவதுண்டு. பூந்தமல்லிக் கடைத்தெருவில் மல்லிகை விற்பவள் தன் கூடையை இறக்கிவைத்த மாத்திரத்தில் அதன் மணமே வருவோரை அழைக்கின்றது. வாங்குவோரும் தம் மூக்கையே சாட்சியாகக் கொண்டு, முழம் இவ்வளவென்று பேசி வாங்கிச் செல்கின்றனர். அவளுக்குப் பலகையும் வேண்டா, படமும் வேண்டா. அதே தெருவில் கண்ணைப் பறிக்கும் பலகைகளோடும் விளக்குகளோடும் கைபேசிக் கடைகள் நிற்கின்றன. கைபேசிக்கு மணமில்லை, ஆகவே அதன் குணத்தை வேறொருவர் வாயால் நாம் அறிய வேண்டியிருக்கிறது. அவ்வாய் பெரும்பாலும் விற்போருடைய வாயாகவே இருப்பதுதான் ஈண்டு யாம் ஆராயப் புகுந்த விஷயம்.

இதனை எழுத எம்மைத் தூண்டியது ஓர் எளிய சம்பவம். எம் தெருவில் சகோதரர் இருவர் உளர். மூத்தவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் கைபேசி செய்யும் தொழிற்சாலையொன்றில் வேலை பார்ப்பவர். முறை மாறுந்தோறும் இரவென்றும் பகலென்றும் பாராமல் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிச் செல்பவர். இளையவர் கல்லூரியில் முதல் வகுப்பு மாணவர். அவர் ஒருநாள், உயர்ந்த விலையுள்ள ஒரு கைபேசியை மாதத் தவணையில் வாங்கித் தரவேண்டுமென்று அண்ணனைக் கேட்டார். அதன் விலையோ அண்ணனுடைய பல மாதச் சம்பளத்திற்குச் சமம். "என் போனில் எடுத்த படத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அண்ணா" என்றார். மூத்தவர் கோபங் கொள்ளவில்லை. "தம்பி, நாள் முழுவதும் நான் கையில் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். எனக்கு அது கண்ணாடியும் தகடுமாகத்தான் தெரிகிறது. உனக்கு மட்டும் அதில் வேறென்னவோ தெரிகிறதே, அது என்னடா?" என்றார். தம்பி விடை சொல்லவில்லை. அருகிலிருந்த எமக்கும் அப்போது விடை தோன்றவில்லை. அவ்வினாவிற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேற்றுமை குறையக் குறைய விளம்பரம் மிகும்

அரிசியைக் கையிலெடுத்துப் பார்க்கலாம். துணியைக் கசக்கிப் பார்க்கலாம். கைபேசியின் மின்கலம் இரண்டு வருஷங்கழித்து எவ்வாறிருக்கும் என்பதைக் கடையில் நின்று ஐந்து நிமிஷத்தில் அறிய இயலாது. வாங்குமுன் அறிய முடியாத குணங்கள் மிகுந்த பொருளுக்கு விளம்பரமும் மிகுதல் இயல்பே.

இதனினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. ஒரே விலையுள்ள இரண்டு கைபேசிகளுக்கு இடையேயுள்ள வேற்றுமை நாம் எண்ணுமளவு பெரிதன்று. ஆப்பிள் நிறுவனமும் சாம்சங் நிறுவனமும் உலகறிந்த போட்டியாளர்கள். ஆயினும் 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபோன் எக்ஸ் என்னும் கருவியின் திரையைச் செய்து கொடுத்தது சாம்சங் குழுவைச் சேர்ந்த நிறுவனமேயாம். விளம்பரத்தில் கீரியும் பாம்புமாய் நிற்போர் பட்டறையில் கொள்வோனும் கொடுப்போனுமாய் இருக்கின்றனர். பொருளில் வேற்றுமை சிறிதாயிருக்க, அதனைப் பெரிதாக்கிக் காட்டவேண்டிய நெருக்கடி வியாபாரிக்கு நேரிடுகிறது. அப்பொழுது அவர் செய்வது யாது? வேற்றுமையைப் பொருளிலிருந்து எடுத்து, அப்பொருளை வைத்திருக்கும் ஆளின்மீது ஏற்றிவிடுகிறார். "இக்கருவி இத்தகையது" என்பது மாறி, "இக்கருவியை உடையவர் இத்தகையவர்" என்றாகிறது. கைபேசி விளம்பரங்களின் சூட்சுமம் இதுவே.

பரிகாசப் போர்

இம்முறையின் வளர்ச்சியைச் சில உதாரணங்களால் விளக்குவோம். 2006 முதல் 2009 வரை ஆப்பிள் நிறுவனம் தன் கணிப்பொறிகளுக்காக வெளியிட்ட விளம்பரங்களில் இரண்டு மனிதர் தோன்றினர். ஒருவர் எளிய உடையணிந்த இளைஞர். அவர் தம்மை ஆப்பிள் கணிப்பொறி என்பார். மற்றவர் இறுகிய கோட்டணிந்த உத்தியோகஸ்தரைப் போன்றவர். அவர் தம்மைப் போட்டிக் கணிப்பொறி என்பார். கண்டோர் மனத்தில் இரண்டு கணிப்பொறிகளைப் பார்க்கினும் அவ்விரண்டு மனிதரே ஆழப் பதிந்தனர்.

2007 ஜனவரி 9-ஆம் நாள் ஐபோன் அறிவிக்கப்பட்டது. நாளடைவில் அதனை வாங்கக் கடைவாயிலில் ஜனங்கள் இரவு முழுவதும் வரிசையில் நிற்பது வழக்கமாயிற்று. 2011-ஆம் ஆண்டின் இறுதியில் சாம்சங் நிறுவனம் அவ்வரிசையையே தன் விளம்பரத்திற்குக் கருவாக்கிக் கொண்டது. வரிசையில் வாடி நிற்போர் ஒருபுறம். கேலக்ஸி கைபேசியுடன் கவலையின்றி நடந்து செல்வோர் ஒருபுறம். நகைப்புக்கு இலக்கானது எதிரியின் கருவி மட்டுமன்று. அதனை விரும்பிய மனிதருமே. முன்பு ஆப்பிள் கற்பித்த பாடத்தைச் சாம்சங் நன்கு படித்துத் திருப்பி ஒப்பித்தது என்னலாம்.

இப்போரின் பிற்பகுதி இன்னும் சுவையானது. 2016-ல் ஆப்பிள் தன் ஐபோன் 7 கருவியில் செவிக்கருவி செருகும் துளையை நீக்கியது. 2017-ல் சாம்சங் வெளியிட்ட விளம்பரமொன்று அக்குறையைக் குத்திக்காட்டிற்று. 2019-ல் சாம்சங்கும் தன் நோட் 10 கருவியில் அத்துளையை நீக்கிவிட்டது. 2020 அக்டோபரில் ஆப்பிள் ஐபோன் 12-ன் பெட்டியில் மின்னேற்றியை வைக்காது விட்டது. எம் பெட்டியில் அஃது உண்டென்று சாம்சங் தன் சமூக வலைப்பக்கத்தில் பெருமை பேசிற்று; 2021 ஜனவரியில் அதுவும் தன் கேலக்ஸி எஸ் 21 பெட்டியில் மின்னேற்றி வைப்பதை நிறுத்திக் கொண்டது. நேற்று எதிரியை நகைத்த குறையை இன்று தானும் ஏற்றுக்கொள்ள அவருக்கு யாதொரு கூச்சமும் இல்லை. ஆனால் அவ்வாதத்தை நம்பிக் கல்லூரி விடுதியில் நண்பரோடு சண்டையிட்டு மனக்கசப்புற்ற இளைஞர்களின் நிலை என்ன? வாதியும் பிரதிவாதியும் சமாதானமாய்ப் போக, சாட்சிகள் மட்டும் பகைவராய் நின்றதற்கு இஃது ஒப்பாகும்.

நம் நாட்டில் நிகழ்ந்தவை

இந்தியாவில் இப்போட்டி கிரிக்கெட் மைதானத்திலும் நடந்தது. விவோ நிறுவனம் 2018 முதல் ஐந்தாண்டுகளுக்கு ஐ.பி.எல். பந்தயங்களுக்குத் தன் பெயரைச் சூட்டும் உரிமையை 2,199 கோடி ரூபாய்க்கு 2017-ல் ஏலத்தில் எடுத்தது. ஆயினும் அவ்வைந்தாண்டு முற்றுப்பெறு முன்னரே விலகிற்று. ஓப்போ நிறுவனம் அதே 2017-ல் இந்திய அணியின் சட்டையில் தன் பெயரைப் பொறிக்கும் உரிமையை ஐந்தாண்டுகளுக்கு 1,079 கோடி ரூபாய்க்குப் பெற்று, 2019-ல் அதனைப் பிறர்க்கு மாற்றியது. இத்துணைப் பெருந்தொகை வானத்திலிருந்து விழுந்ததன்று. வாங்குவோர் செலுத்தும் விலையினின்றே விளம்பரச் செலவும் ஈடுசெய்யப்பட வேண்டும். நம்மை வசப்படுத்தும் செலவையும் நம்மிடமே வாங்கிக் கொள்ளும் வியாபாரம் இது.

மைக்ரோமாக்ஸ் என்னும் நம் நாட்டு நிறுவனம் 2013-ல் ஹியூ ஜாக்மன் என்ற ஹாலிவுட் நடிகரைத் தன் விளம்பரத்தில் தோன்றச் செய்தது. மலிவான பொருளென்று எண்ணப்பட்ட பெயருக்கு மதிப்பேற்றுவதே அதன் நோக்கம். 2014-ன் கடைசிக் காலாண்டில் அது சாம்சங்கையும் விஞ்சியதென்று சந்தை ஆராய்ச்சி நிறுவனமொன்று கணித்தது. எனினும் சில ஆண்டுகளுக்குள் அது பின்தங்கிவிட்டது. அதனை முந்தியவற்றுள் ஒன்றான ஷியோமி 2014 ஜூலையில் இந்தியாவிற்கு வந்தபோது பெருநடிகர் எவரையும் கொண்டு வரவில்லை. குறித்த நாழிகையில், குறைந்த அளவுச் சரக்கை, வலைக்கடையில் மட்டும் விற்றது. சில நொடிகளில் தீர்ந்துவிட்டதென்ற செய்தியே ஊரெங்கும் பரவிற்று. கிடைக்கவில்லை என்னும் பேச்சும் ஒருவகை விளம்பரமே. கிடைக்காத பொருளின்மேல் ஆசை மிகுதலை யார் அறியார்?

இவற்றினின்று விளம்பரம் எல்லாம் வல்லதென்று முடிவு செய்தல் தவறு. அதற்கு எம் வட்டாரமே சான்று. நோக்கியா நிறுவனம் 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை தொடங்கிற்று. அக்காலத்தில் நோக்கியாவை அறியாத வீடு இல்லை. அப்பெயர் இப்பக்கத்துப் பல குடும்பங்களுக்குச் சோறிட்ட பெயருமாகும். பெயருக்கும் விளம்பரத்திற்கும் குறைவில்லாதிருந்தும், தொடுதிரைக் கருவிகளின் காலத்தில் அந்நிறுவனம் போட்டியாளருக்குப் பின்னே நின்றது. 2014 ஏப்ரலில் அதன் கைபேசித் தொழில் மைக்ரோசாப்ட் கைக்கு மாறிற்று. வரி வழக்கின் காரணமாக ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை அவ்விற்பனையிற் சேராது தனித்து நின்று, அவ்வாண்டு நவம்பரில் மூடப்பட்டது. விளம்பரம் ஒருவனைக் கடைக்குள் அழைக்கும். கையிலுள்ள பொருள் தொடர்ந்து குறைபட்டால் அவனை நிலைநிறுத்த அதனால் ஆகாது.

மனம் வசப்படும் வழிகள்

விளம்பரம் நம் அபிப்பிராயத்தை எவ்வழியாகப் பற்றுகிறதென்பதை மனோதத்துவ அறிஞர் ஆராய்ந்துள்ளனர். அவற்றுள் மூன்றை இங்குக் குறிப்போம்.

முதலாவது, பழக்கம். ராபர்ட் ஜயான்க் என்னும் அறிஞர் 1968-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பொருள் விளங்காத சொற்களையும் எழுத்துக்களையும் சிலருக்குக் காட்டினார். எவை பலமுறை கண்ணிற் பட்டனவோ, அவையே நல்ல பொருளுடையன என்று அவர்கள் கருதினர். பாரிவாக்கம் கூட்டுச்சாலையில் பேருந்துக்குக் காத்து நிற்பவர், தாம் பலகையைப் படிக்கவில்லையென்றே எண்ணலாம். கண் படித்துக்கொண்டுதான் இருக்கிறது. பன்முறை கண்ட பெயர் கடையிற் பழைய சிநேகிதனைப்போல் எதிர்வருகிறது.

இரண்டாவது, பெயர். அமெரிக்காவில் 2004-ல் நடந்த சோதனை ஒன்றில் கோக், பெப்சி என்னும் இரு பானங்களைப் பெயர் சொல்லாமற் கொடுத்தபோது பருகினோர் விருப்பம் ஏறக்குறைய இருபுறமும் ஒத்திருந்தது. கோக் என்னும் பெயரை அறிவித்துக் கொடுத்தபோதோ விருப்பம் அதன்பால் சாய்ந்தது. நினைவோடு தொடர்புடைய மூளைப்பகுதிகளும் கிளர்ச்சியுற்றன. நாக்கு ஒன்றைச் சுவைக்க, நினைவு வேறொன்றைச் சேர்த்துச் சுவைக்கின்றது.

மூன்றாவது, வாங்கியபின் நேரும் மயக்கம். இதுவே பலரும் கவனியாதது. 1957-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், புதிதாய் மோட்டார் வண்டி வாங்கியோர் எந்த விளம்பரங்களைப் படிக்கின்றனர் என்று விசாரிக்கப்பட்டது. வாங்க எண்ணிப் பின் விட்டுவிட்ட வண்டிகளின் விளம்பரத்தைக் காட்டிலும், தாம் வாங்கிவிட்ட வண்டியின் விளம்பரத்தையே அவர்கள் மிகுதியாகப் படித்தனர். கொடுத்த பணம் வீணன்று என்ற ஆறுதலை மனம் அங்கே தேடுகிறது. கைபேசி வாங்கிய மாணவர் அதன் சார்பாக வழக்காடுவதும் இக்காரணத்தினாலேயே. அவர் காப்பாற்றுவது நிறுவனத்தின் மானத்தையன்று. தம் தீர்ப்பின் மானத்தையே. ஆகவே, விலையுயர்ந்த பொருளைப் பற்றி அதனை வாங்கியவரைக் கேட்டுத் தெளிய விரும்புவோர் இதனையும் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

மெய், பொய், அரைமெய்

விளம்பரத்தில் வருவதெல்லாம் பொய்யென்று யாம் சொல்லவில்லை. புதிய வசதிகளை முதலில் நமக்கு அறிவிப்பது பல சமயங்களில் விளம்பரமே. ஆயினும் மெய்யும் பொய்யும் கலந்துவரும் இடங்களை அறிதல் அவசியம்.

2012-ல் நோக்கியா, லூமியா 920 என்னும் கருவியின் காமிராவைப் புகழ்ந்து, மிதிவண்டியிற் செல்லும் பெண்ணொருத்தியின் அசையும் படத்தை வெளியிட்டது. பின்னணியிலிருந்த கண்ணாடியில், வேறு காமிராவுடன் படம்பிடிப்போரின் நிழல் விழுந்திருந்தது. உண்மை வெளிப்படவே, நிறுவனம் மன்னிப்புக் கோரிற்று. இது பொய் பிடிபட்ட கதை. 2023 அக்டோபரில் ஆப்பிள் தன் நிகழ்ச்சி ஒன்றை முழுவதும் ஐபோனாலேயே படம்பிடித்ததாக அறிவித்தது. அது மெய்யே. ஆனால் பெரிய விளக்குகளும் தூக்கிப் பொறிகளும் தேர்ந்த கலைஞர்களும் உடனிருந்தனர் என்பதை அவர்களே வெளியிட்ட மற்றொரு படம் காட்டிற்று. மெய்யைச் சொன்னபோதும், அதே கருவியால் நம் வீட்டுத் திண்ணையில் அத்தகைய படம் வருமென்னும் எண்ணம் நமக்கு உண்டாகிறது. இதனை அரைமெய் என்னலாம்.

சாதாரண ஜனங்களின் குரலென்று தோன்றுவதும் சில சமயங்களில் விலைக்கு வாங்கிய குரலே. எச்.டி.சி. என்னும் போட்டி நிறுவனத்தை இகழ்ந்தும் தன்னைப் புகழ்ந்தும் எழுதக் கூலிக்கு ஆளமர்த்திய குற்றத்திற்காக, 2013-ல் தைவான் நாட்டு வாணிப ஆணையம் சாம்சங்கிற்கு ஒரு கோடித் தைவான் டாலர் அபராதம் விதித்தது. ஆஸ்திரேலியாவில், நீச்சற்குளத்திலும் கடலிலும் கேலக்ஸி கைபேசிகளை உபயோகிக்கலாமென்று காட்டிய விளம்பரங்களுக்காக 2022-ல் நீதிமன்றம் 140 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் செலுத்துமாறு சாம்சங்கின் அந்நாட்டு நிறுவனத்திற்கு ஆணையிட்டது. நனைந்த நிலையில் மின்னேற்றினால் செருகுவாய் அரிக்கப்படக்கூடும் என்பது அவ்விளம்பரங்களில் உணர்த்தப்படவில்லை.

நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்யின் 50 இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்க இடந்தருகிறது. அத்தகைய விளம்பரத்தில் தோன்றிப் புகழ்வோரையும் குறித்த காலம் வரை அத்தொழிலினின்று விலக்கி வைக்கலாம். குறையுடையோர் 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவிப் பிரிவை அழைத்து முறையிடலாம். எனினும் சட்டம் பொய்யைத்தான் தண்டிக்கும். "இதனை உடையவன் உயர்ந்தவன்" என்னும் குறிப்பைத் தண்டிக்கச் சட்டமில்லை. அதனைத் தடுக்க வல்லது நம் விவேகமொன்றே.

செய்யத்தக்கது

மாணவ நண்பர்களே! கைபேசி வாங்க எண்ணுமுன் ஒரு தாளை எடுத்து நடுவே கோடிடுங்கள். இடப்புறத்தில், அதனைக் கொண்டு நீங்கள் அன்றாடம் செய்யப்போகும் வேலைகளை எழுதுங்கள். வலப்புறத்தில், விளம்பரங்களைக் கண்டு நீங்கள் விரும்பிய குணங்களை எழுதுங்கள். வலப்புறத்திலுள்ளவற்றுள் இடப்புறத்து வேலைக்கு உதவுவன எவை என்று கோடிட்டு இணையுங்கள். இணையாது நிற்பன எவையோ, அவை உங்கள் தேவையல்ல. உங்களுக்குள் பிறர் நட்டவை. பின்னர் நண்பரொருவரைக் கொண்டு இரண்டு கைபேசிகளால் ஒரே காட்சியைப் படமெடுக்கச் செய்து, எது எதனுடையதென்று அறியாமல் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். மின்கலம் மாற்ற ஆகும் செலவு, எத்தனை ஆண்டுவரை மென்பொருள் புதுப்பிக்கப்படும், பழுது பார்க்கும் இடம் அருகிலுண்டா என்பவற்றைக் கடைக்காரரிடம் கேளுங்கள். தவணைத் தொகைகள் அனைத்தையும் கூட்டி மொத்த விலையையும் அறிந்து கொள்ளுங்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது கைபேசிக்கும் பொருந்தும்.

எம் தெருவிலுள்ள இளையவர் அவ்வாறே தாளில் எழுதிப் பார்த்தார். இணையாது நின்றவற்றுள் கடைசியாய் அவர் எழுதியிருந்தது, "சிரிக்கமாட்டார்கள்" என்னும் ஒரு சொல். அதனைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்து, தாளை மடித்து அண்ணனிடம் கொடுத்தார். அவருடைய ஆசை முற்றும் நீங்கிற்றென்று யாம் சொல்ல மாட்டோம். பழைய கைபேசிக்குப் புதிய மின்கலம் மாற்றிக்கொண்டு, படிப்பு முடியட்டும் என்றார். அண்ணன் கேட்ட வினாவிற்கு விடை அத்தாளில் இருந்தது. தம்பி அக்கண்ணாடியிலும் தகட்டிலும் கண்டது கைபேசியை அன்று. அதைக் கையிற் பிடித்து, பிறரால் மதிக்கப்பட்டு நிற்கும் தம்மையே. அந்த மதிப்பு எப்பெட்டியிலும் வைத்து விற்கப்படுவதில்லை. இதனை நன்குணர்ந்து, விளம்பரம் பேசும்போது கேட்டுக்கொண்டு, தீர்ப்பை மட்டும் நம் கையில் வைத்திருப்போமாயின், நாம் வாங்குவது எதுவாயினும் அது நாமே வாங்கியதாகும்.